பழைய பாய்மரப் படகில் ஜன்னல் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு பழைய பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். 1981-ல் இங்கிலாந்தில் கட்டியது, 32 அடி, ஃபைபர்கிளாஸ் உடம்பு. பக்கவாட்டில் திறந்து மூடும் ஜன்னல் எட்டு, மேல்தளத்தில் ஹேட்ச், அதாவது தூக்கித் திறக்கிற மூடி, இரண்டு. வாங்கின பிறகு பெய்த முதல் மழையில் பத்தும் ஒழுகின. எல்லாவற்றையும் நிறுத்த இரண்டு வருடம் ஆனது, அதில் முதல் வருடம் முழுக்க தப்பான வேலை.

உலகம் சுற்றி வருகிறவர்கள் இந்தப் பக்கம் வந்ததும் படகை விற்றுவிட்டு விமானம் ஏறுவது வழக்கம். அதை வாங்குகிற நம்மவர்கள் பினாங்கிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் ஒரே சந்தேகங்களோடு கூப்பிடுகிறார்கள். வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

அண்ணே, பாகங்களின் பெயரே தெரியவில்லை. எது எது ஒழுகும்?

சுவரில் ஓட்டை போட்டு உட்காரவைத்த சட்டம் ஃபிரேம். அது அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ வெண்கலமாகவோ இருக்கும். அதன்மேல் திறந்து மூடுகிற இறக்கையில் பதித்திருப்பதை எல்லோரும் கண்ணாடி என்கிறோம், ஆனால் பெரும்பாலும் அது அக்ரிலிக். இறக்கை மூடும்போது அழுந்துகிற ரப்பர் பட்டைக்கு கேஸ்கெட் என்று பெயர். அப்புறம் கீல், இறுக்குகிற கைப்பிடிகள். (கீல் என்று எழுதும்போதெல்லாம் கதவுக் கீலைத்தான் சொல்கிறேன், படகுக்கு அடியில் இருக்கிற கீலை அல்ல. அது ஒழுகினால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.)

ஒழுக மூன்றே வழிதான். ரப்பருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஒன்று, கண்ணாடிக்கும் அது பதிந்திருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒன்று, ஃபிரேமுக்கும் படகின் சுவருக்கும் நடுவில் ஒன்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் கை வைப்பதில்தான் எல்லோருடைய பணமும் போகிறது, என்னுடையதும் அப்படித்தான் போனது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஓடு உடைந்தது ஒரு இடம், சட்டம் வழியாக ஓடி வந்து தண்ணீர் சொட்டுவது இன்னொரு இடம். படகிலும் அதே கதைதான். முதல் வேலையாக ஜன்னலின் உள்பக்க அலங்காரச் சட்டத்தையும், முடிந்தால் சுவரை மூடியிருக்கும் பலகையையும் கழற்றுங்கள். துடைத்துக் காயவிட்டு, ஜன்னலுக்குக் கீழே டிஷ்யூ பேப்பரை ஒட்டுங்கள் அல்லது முகப் பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் வந்த தடம் அதில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

பிறகு வெளியில் ஒருவர் குழாய்த் தண்ணீரை விட வேண்டும், உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். குழாய் முனையில் பீச்சுகிற நாசில் வேண்டாம், தண்ணீர் மழை மாதிரி மெல்ல வழிந்தால் போதும். முக்கியமாக, கீழேயிருந்து மேலே போக வேண்டும். முதலில் ஃபிரேமின் கீழ் விளிம்பை மட்டும் பத்து நிமிடம் நனையுங்கள், பிறகு பக்கங்கள், பிறகு மேல் விளிம்பு, கடைசியில் கண்ணாடி ஓரமும் ரப்பரும். மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது.

இதிலும் பிடிபடவில்லை என்றால் காய்ந்த இலைகளை ஊதித் தள்ளுகிற ப்ளோயரை இரவல் வாங்குங்கள். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு, ஒரு ஹேட்சில் அட்டை வைத்து ப்ளோயர் முனையைச் செருகி, படகுக்குள் காற்றை ஏற்றுங்கள். வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடத்தில் நுரை பொங்கும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதும் இப்படித்தானே.

ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி வெளிப்பக்கம் சுற்றிப் பூசினால் போதாதா?

அதைத்தான் முதல் வருடம் முழுக்கச் செய்தேன். இரண்டு மாதம் நிற்கும், பிறகு ஒரு ஓரம் உரியும், அந்த ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கும். முன்னாலாவது வெயிலில் காய்ந்தது, இப்போது அதுவும் இல்லை.

அதைவிட மோசம், சிலிக்கான் ஒரு தடவை பட்ட இடத்தில் வேறு எதுவும் சரியாக ஒட்டாது. பெயின்ட், எபாக்ஸி (ஹார்டனர் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்), பாலியூரித்தேன் பசை எல்லாம் உரிந்து வரும். பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கானே அரைகுறையாகத்தான் பிடிக்கும். பிளேடால் சுரண்டி, சிலிக்கான் ரிமூவர் போட்டு, ஸ்காட்ச்பிரைட்டால் தேய்த்து எடுக்க எனக்கு ஒரு ஜன்னலுக்கு அரைநாள் ஆனது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அந்த இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். படலமாகப் பரவினால் சரி, முத்து முத்தாக ஒதுங்கினால் இன்னும் சிலிக்கான் இருக்கிறது என்று அர்த்தம்.

சிலிக்கானே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு இடம் உண்டு, கண்ணாடி ஒட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

மழையே இல்லை, ஆனால் காலையில் ஜன்னல் ஓரம் நனைந்திருக்கிறது. இதுவும் ஒழுகலா?

பெரும்பாலும் இல்லை, காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த இடத்தில் படிவதுதான். ராத்திரி முழுக்க ஏசி போட்டு அலுமினிய ஃபிரேமைக் குளிர வைத்துவிட்டு, காலையில் ஹேட்சைத் திறந்து நம் ஊர் ஈரக்காற்றை உள்ளே விட்டால் ஃபிரேம் வியர்க்கத்தான் செய்யும். குளிர் நாடுகளில் ஏசி தேவையில்லை, இரண்டு பேர் உள்ளே தூங்கினாலே போதும்.

வித்தியாசம் சுலபம். ஈரம் படிந்தால் ஃபிரேம் முழுக்க ஒரே சீராகப் பொடித் துளியாக இருக்கும், ஒழுகினால் ஓரிடத்திலிருந்து தடம் போகும். சந்தேகம் இருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பு கரித்தால் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது.

ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமா? எந்த ரப்பர் வாங்குவது?

குழாய்ச் சோதனையில் ரப்பர் என்று தெரிந்தால் போதும், வேலையிலேயே சுலபமானது இதுதான். பழைய ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுத்தின பள்ளம் மேலே எழும்பி வராமல் தட்டையாகவே நின்றால் அதன் ஆயுள் முடிந்தது. ஜன்னல் செய்த கம்பெனி இன்னும் இருந்து, அந்த மாடலுக்கு ரப்பர் விற்றால் அதையே வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். இல்லையென்றால் ஈபிடிஎம் அல்லது நியோப்ரீன் ஸ்பாஞ்ச் பட்டை, மூடிய துளைகள் உள்ள வகை. மெத்தை ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் குடிக்கிற வகை வேண்டவே வேண்டாம். ஒரு துண்டைத் தண்ணீரில் அழுக்கிப் பிழிந்து பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பழைய ரப்பரின் உயரத்தை அளந்து அதையே வாங்குவது எல்லோரும் செய்யும் தப்பு. அது நாற்பது வருடம் அழுந்திக் கிடந்தது. அவ்வளவாக அழுந்தாமல் கிடந்த ஏதாவது மூலையில் அளந்தால் பழைய உயரம் ஓரளவு கிடைக்கும். மூடும்போது ரப்பர் தன் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழுந்துகிற மாதிரி இருந்தால் நல்லது. உயரம் அதிகமானால் மூடவே வராது, கைப்பிடியை முறுக்கி முறுக்கி உடைப்பீர்கள்.

ரப்பர் உட்காரும் காடியில் (நீளமான பள்ளத்தில்) வைக்கும்போது இழுக்காதீர்கள். இழுத்து வைத்த ரப்பர் ஒரு வாரத்தில் சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமாகவே வெட்டி, இரண்டு நுனியும் ஒன்றையொன்று தள்ளுகிற மாதிரி வைத்து சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். பக்கச் சுவர் ஜன்னலில் இணைப்பு மேல் விளிம்பில் வர வேண்டும், ஏனென்றால் தண்ணீர் தேங்குவது கீழே. ஹேட்சில் நான் கீல் பக்கம் வைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாஸ்லின் தடவினால் ஈபிடிஎம் ஊறிப் பிசுபிசுத்துப் போகும்.

புது ரப்பர் போட்டேன், இன்னும் ஒழுகுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அவர் மேல் பழி போடும் முன் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். ரப்பர் வந்து மோதுகிற ஃபிரேம் விளிம்பு முழுக்கத் தேய்த்து, ஜன்னலை மூடி இறுக்கித் திறந்து பாருங்கள். ரப்பரில் கோடு எங்கே விட்டுப் போயிருக்கிறதோ அங்கே அது தொடவே இல்லை. சரக்குக் கப்பல்களின் பெரிய ஹேட்ச் மூடிகளுக்கு சர்வேயர்கள் செய்வதும் இதே சோதனைதான், அவர்களுக்குச் சாக்பீஸ் கொஞ்சம் அதிகம் செலவாகும்.

கோடு கீல் பக்கம் மட்டும் விட்டிருந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது, இறக்கை அந்தப் பக்கம் எழும்பி நிற்கிறது. ஊசியை மாற்றுங்கள், ஓட்டை பெரிதாகிவிட்டால் ஒரு சுற்று பெரிய ஊசி போடுங்கள். நடுவில் விட்டிருந்தால் இறக்கை வளைந்திருக்கிறது. இரண்டு கைப்பிடியில் ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததைத் தொடுகிற பழக்கம் வருடக்கணக்கில் பிளாஸ்டிக் இறக்கையை வளைத்துவிடும். கொஞ்சம் இது, கொஞ்சம் அது என்று மாற்றி மாற்றி, விரல் பலத்தில் மட்டும் இறுக்க வேண்டும். கோடு சுற்றிலும் சரியாக விழுந்தும் ஒழுகினால் குற்றவாளி ரப்பர் இல்லை, குழாயை மறுபடி கையில் எடுங்கள்.

மூடியிருக்கும்போது ஒன்றும் இல்லை, திறந்ததும் ஒரு கை தண்ணீர் படுக்கையில் கொட்டுகிறது. ஏன்?

இது ஒழுகலே இல்லை. கேபின் சுவர் பெரும்பாலான படகுகளில் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதனால் ஃபிரேமின் கீழ் விளிம்பு ஒரு சின்னத் தொட்டி மாதிரி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்கே வெளிப்பக்கம் வடிகால் துளையோ காடியோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழுக்கும் பாசியும் பழைய சிலிக்கானும் அடைத்திருக்கும், கம்பியால் குத்தி எடுங்கள்.

துளையே இல்லாத மாடலும் உண்டு. ஃபிரேம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் அடியில் ஒரு காடியை அரத்தால் ராவி எடுக்கலாம், ஆனால் ரப்பர் உட்காரும் விளிம்பைத் தொடக்கூடாது. பயமாக இருந்தால் திறப்பதற்கு முன் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள், என் மனைவி அதைத்தான் செய்கிறாள், காடி ராவுவதற்கு முன்பும் பின்பும்.

கண்ணாடி முழுக்க நரம்பு நரம்பாக வெடிப்பு. மாற்ற வேண்டுமா? அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா?

மேலோட்டமான மயிர்க்கோடுகள் வெயிலாலும் தப்பான திரவத்தாலும் வருவது. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், அசிடோன், தின்னர் மூன்றும் அக்ரிலிக்குக்கு எதிரி. சோப்பும் தண்ணீரும் போதும். கோடுகள் நகத்தில் தட்டினால், அல்லது ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பினால் மாற்றியே ஆக வேண்டும். ஹேட்ச் மேல் ஆள் ஏறி நிற்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

பாலிகார்பனேட் சுத்தியால் அடித்தாலும் உடையாது என்று கடையில் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் சுலபமாகக் கீறும், யூவி பூச்சு இல்லாத ரகம் நம் வெயிலில் சில வருடத்தில் மஞ்சளாகிவிடும், அதே கனத்தில் அக்ரிலிக்கைவிட அதிகம் வளையும். வளைந்தால் ஓரத்தில் சீலன்ட், அதாவது இடைவெளியை அடைக்கிற பசை, பிரியும். வார்ப்பு முறையில் செய்த அக்ரிலிக்தான் என் தேர்வு. பழைய கண்ணாடி எத்தனை மில்லிமீட்டரோ அதே கனம் போடுங்கள், காசு மிச்சம் பிடிக்க மெல்லியதாகப் போகாதீர்கள். மாற்றிய பிறகு ஹேட்சுகளுக்குத் துணியில் உறை தைத்து மாட்டுங்கள், ஆயுளைக் கூட்ட அதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கண்ணாடியை ஒட்ட எது நல்லது? கைக்குக் கிடைத்ததைப் போட்டேன், ஆறு மாதத்தில் விட்டுவிட்டது.

அக்ரிலிக் வெயிலில் நிறைய விரியும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, ஏறக்குறைய 0.07 மி.மீ. அலுமினியம் 0.023 தான். 60 செ.மீ. ஹேட்ச் காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி ஏறினால் கண்ணாடி 1.26 மி.மீ. வளரும், சட்டம் 0.4 மி.மீ. மட்டும். கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தினமும் போய் வருகிறது, அதைப் பசைதான் தாங்க வேண்டும். அதனால் இரண்டு விஷயம். கண்ணாடியை சட்டத்தைவிடச் சுற்றிலும் இரண்டு மூன்று மி.மீ. சின்னதாக வெட்ட வேண்டும், பசைக்கும் இரண்டு மூன்று மி.மீ. கனம் கொடுக்க வேண்டும். அழுத்திப் பிழிந்து மெல்லிசாக ஒட்டினால் அதற்கு இழுபட இடமே இல்லை. நீங்கள் செய்தது இதுவாகத்தான் இருக்கும்.

சிலிக்கானுக்கு உரிய இடம் இதுதான் என்று முன்னால் சொன்னேன் இல்லையா. குளியலறைச் சிலிக்கான் அல்ல, உயரக் கட்டடங்களின் கண்ணாடி ஒட்டுகிற ஸ்ட்ரக்சுரல் வகை. டவ் 795 படகுக்காரர்கள் நெடுங்காலமாகப் போடுவது. இன்னொன்று சிகாஃப்ளெக்ஸ் 295 யூவி, அதை கம்பெனி சொல்கிற பிரைமரோடு மட்டும் போட வேண்டும், பிரைமரை விட்டால் காசு வீண். பாலிசல்பைடு என்கிற சீலன்ட் மட்டும் இங்கே வேண்டாம், அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் அது அரித்து வெடிக்கவைக்கும்.

ஒட்டும் நாளில் மாஸ்கிங் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டு வேலை ஆரம்பியுங்கள், பசை தோல் கட்டும் முன் உரித்துவிடுங்கள். பிசிறைத் துடைக்க ஸ்பிரிட் தொட்ட துணியைப் பாலியூரித்தேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஆல்கஹால் பட்டால் அது இறுகாமல் பிசின் மாதிரியே நிற்கும்.

ஃபிரேமையே கழற்ற வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஸ்க்ரூ அசையவே மாட்டேன் என்கிறது.

அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவில் உப்புத் தண்ணீர். நாற்பது வருடத்தில் இரண்டும் ஒரே உலோகம் மாதிரி ஆகிவிடும். இறுகின ஸ்க்ரூவை இளக்குகிற எண்ணெயை மூன்று நாள் தொடர்ந்து விடுங்கள். பிறகு பெரிய சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் ஐந்து நிமிடம் வையுங்கள். முதலில் ஒரு மயிரிழை இறுக்கிவிட்டு, அப்புறம் திருப்புங்கள். தலை வழுக்க ஆரம்பித்தால் பலம் காட்டாதீர்கள், தலையை மட்டும் டிரில்லால் துளைத்து எடுத்துவிட்டு ஃபிரேமைக் கழற்றினால் மிச்ச உடல் ப்ளையரில் பிடிக்கிற அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறுபடி போடும்போது மரையில் அரிப்பைத் தடுக்கிற டெஃப்ஜெல் அல்லது டூராலாக் தடவுங்கள், அடுத்த தடவை கழற்றப்போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஸ்க்ரூ போன பிறகும் ஃபிரேம் வராது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், நெம்பினால் ஜெல்கோட் (ஃபைபர்கிளாஸின் வெளிப்பூச்சு) சில்லு பெயரும், அலுமினியம் வளையும். கிட்டார் கம்பியை இரண்டு மரத்துண்டில் கட்டி, ஃபிரேமுக்கு அடியில் விட்டு ரம்பம் மாதிரி இழுங்கள். அறுத்த இடத்தில் பிளாஸ்டிக் ஆப்பு வையுங்கள், அப்படியே சுற்றி வாருங்கள். ஒரு ஜன்னலுக்கு ஒரு மணி நேரம். அவசரப்பட்ட ஒரு ஜன்னலை நான் வளைத்தே எடுத்தேன், அது இன்றும் பெட்டியில் கிடக்கிறது.

மறுபடி உட்காரவைக்க எதைப் போடுவது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஃபிரேமை போல்ட் பிடித்துக்கொள்கிறது என்றால் பியூட்டில் டேப். என் ஜன்னல்கள் அதில்தான் நிற்கின்றன. அது இறுகவே இறுகாது, எப்போதும் மெழுகு மாதிரியே இருந்து படகோடு சேர்ந்து அசையும், கழற்றும்போது சுலபமாக வரும், கையில் ஒட்டினால் மண்ணெண்ணெயில் போகும். ஆனால் எதையும் பிடித்து வைக்கிற பலம் அதற்கு இல்லை. போல்ட் இல்லாமல் பசையிலேயே நிற்கிற கண்ணாடிக்கு அதைப் போடவே கூடாது.

ஒவ்வொரு ஓட்டையின் வெளி வாயையும் கவுன்டர்சிங்க் பிட்டால் லேசாக அகலப்படுத்துங்கள். அந்தக் குழியில் தங்குகிற பியூட்டில் போல்டைச் சுற்றி மோதிரம் மாதிரி நிற்கும். உள்ளே ஒருவர் நட்டைத் திருப்பட்டும், வெளியே போல்ட் சுற்றாமல் பிடியுங்கள், சுற்றினால் அந்த மோதிரம் அறுந்துபோகும். ஒரே நாளில் முழுக்க இறுக்க வேண்டாம். இன்று கொஞ்சம், வெயில் ஏறி பியூட்டில் பிதுங்கின பிறகு நாளைக்குக் கொஞ்சம், மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். பிதுங்கினதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுங்கள்.

உலோக ஃபிரேமுக்கு பாலிசல்பைடும் நல்லதுதான், பிளாஸ்டிக் ஃபிரேமுக்கு வேண்டாம், காரணம் கண்ணாடிப் பேச்சில் வந்துவிட்டது. 3எம் 5200 மாதிரியான பாலியூரித்தேன் பசை உறுதியானதுதான், அதுதான் பிரச்சினையே. அடுத்த முறை ஃபிரேம் வரும்போது ஜெல்கோட்டும் கூடவே வரும்.

உள்ளே நீளமான மரை உருளையில் ஸ்க்ரூ போகிற மாதிரி இருக்கிறது. முழுக்க இறுக்கிவிட்டேன், ஆனாலும் ஃபிரேம் ஆடுகிறது.

ஸ்க்ரூ உருளையின் அடியைத் தொட்டு நின்றுவிட்டது. கைக்கு இறுகின மாதிரி இருக்கும், ஃபிரேமோ சுவரைக் கவ்வவே இல்லை. பழைய படகுகளில் சுவரின் கனம் ஒரே மாதிரி இருக்காது, ஒரே ஜன்னலுக்குள்ளேயே இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் வரும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அந்தந்த இடத்துக்கு அளந்து நுனியை வெட்டுங்கள். வெட்டும் முன் ஒரு நட்டைப் போட்டுக்கொண்டால், வெட்டின பிறகு அதைக் கழற்றும்போது மரை சீராகிவிடும்.

ஃபிரேமை எடுத்தால் ஓட்டையைச் சுற்றி மரம் ஊறிப் பஞ்சு மாதிரி வருகிறது. படகே போய்விட்டதா?

போகவில்லை, ஆனால் ஒத்திப்போடவும் முடியாது. பல படகுகளில் மேல்தளமும் கேபின் கூரையும் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவில் பால்சா மரம் வைத்துக் கட்டியவை. பால்சா சொட்டுத் தண்ணீரையும் குடிக்கும். சுற்றிலும் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டிப் பாருங்கள், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், ஊறின இடம் சொத்தென்று கேட்கும். பென்சிலால் எல்லை போடுங்கள். எல்லை ஓட்டையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அரை சதுர மீட்டர் என்றால் தோலை வெட்டி எடுக்கிற வேலை, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, இரண்டு தோலுக்கும் நடுவில் விட்டு, ஊறின மரத்தைச் சுரண்டி எடுங்கள். நல்ல மரத்தையும் சுற்றிலும் ஓர் அங்குலம் எடுங்கள். நன்றாகக் காய வேண்டும், இங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட காலம், அதற்குள் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். காய்ந்ததும் முதலில் வெறும் எபாக்ஸியைத் தூரிகையால் தடவி, பிறகு சிலிக்காப் பொடி கலந்து கெட்டியாக்கின எபாக்ஸியை அழுத்தி நிரப்புங்கள். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஒரு டம்ளர் நிறையக் கலந்து வெயிலில் வைத்தால் நீங்கள் கரண்டியை எடுப்பதற்குள் புகைய ஆரம்பிக்கும். இறுகின பிறகு போல்ட் ஓட்டைகளைப் புதிதாகத் துளையுங்கள், இனிமேல் அங்கே ஒழுகினாலும் மரம் நனையாது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புது ஜன்னலே வாங்கிவிடலாமா? அளவு எப்படி எடுப்பது?

ஃபிரேம் வளையாமல், அரிக்காமல், கீல் உட்காரும் இடம் உடையாமல் இருந்தால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். உலோக ஃபிரேமுக்குப் புது ரப்பரும் புதுக் கண்ணாடியும் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். வெயிலில் வெளுத்துப் பொடி உதிர்கிற பிளாஸ்டிக் ஃபிரேம் என்றால் செலவழிக்காதீர்கள், கழற்றும்போதே உடையும்.

வாங்குவதாக இருந்தால் மூன்று அளவு வேண்டும். சுவரில் வெட்டியிருக்கும் ஓட்டையின் நீள அகலம், அதன் மூலை வளைவின் ஆரம், சுவரின் கனம். ஃபிரேமின் வெளி அளவைச் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டு, வந்ததும் விழிப்பவர்கள் நிறைய. அட்டையில் ஓட்டையைப் படம் எடுத்து, எது மேல்பக்கம் என்று எழுதி வையுங்கள். மூலையை மறக்காதீர்கள், நீள அகலம் பொருந்தி மூலை பொருந்தாத ஜன்னல்கள் ஏராளம். ஓட்டை கொஞ்சம் சின்னதாக இருந்தால் ஜிக்ஸாவால் பெரிதாக்கலாம், சுவருக்குள் ஒயர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு. ஓட்டை பெரிதாக இருந்தால் எபாக்ஸியால் நிரப்பிக் கட்ட வேண்டும், அது இரண்டு மடங்கு வேலை.

ஐஎஸ்ஓ 12216 என்பது படகு ஜன்னல்களின் பலத்துக்கும் நீர்புகாமைக்கும் உள்ள தரநிலை. அதில் படகின் எந்த இடத்தில் வைக்கலாம் என்பதற்கும் வகை உண்டு, உடம்பின் பக்கச்சுவருக்கு உள்ள விதி கேபின் சுவருக்கு உள்ளதைவிடக் கடுமை. விலை குறைந்த ஜன்னல் வாங்கும்போது எந்த இடத்துக்கு அனுமதி என்று கேளுங்கள்.

புது ஃபிரேம் நேராக இருக்கிறது, என் கேபின் சுவரோ வளைந்திருக்கிறது. போல்டை இறுக்கினால் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டிக்கொள்ளும், அப்போதுதான் ஒழுக ஆரம்பிக்கும். நேரான ஃபிரேமை வளைந்த சுவரோடு இழுத்து இறுக்கினால் ஃபிரேமும் வளையும், இறக்கை வளையாது, சாக்பீஸ் கோடு நடுவிலோ ஓரத்திலோ விட்டுப்போகும். ஜன்னல் செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபிரேமை இறுக்காமல் சுவரில் வைத்து எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. என்றால் அந்த இடத்தில் பியூட்டிலை இரண்டு அடுக்காக வைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் சுவரை நேராக்க வேண்டும். ஃபிரேமின் அடியில் மெழுகு தடவி அதில் எபாக்ஸி ஒட்டாமல் செய்துகொண்டு, சுவரில் கெட்டி எபாக்ஸியைத் தடவி, ஃபிரேமை அழுத்தாமல் மெல்ல வைத்துக் காயவிடுங்கள். எடுத்தால் ஃபிரேமின் அச்சாகவே ஒரு சமதளம் கிடைக்கும். மெழுகைத் துடைத்துவிட்டு அதன்மேல் சீலன்ட் போட்டு உட்காரவையுங்கள்.

பேசாமல் எல்லாவற்றையும் திறக்காத ஜன்னலாக மாற்றிவிட்டால் தொல்லை விட்டதே?

நம் வெயிலில் காற்று வராத கேபினில் ஒரு இரவு படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தாழ்வாக, அலை அடிக்கிற இடத்தில் இருக்கும் ஒன்றிரண்டை மூடிவிடுவதில் தப்பில்லை, நானும் கழிவறைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றை மூடினேன். முன்பக்க ஹேட்சை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒட்டி அடைக்காதீர்கள். தீயோ வெள்ளமோ வந்தால் தப்பிக்கிற வழி அது, உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்க வேண்டும்.

எல்லாம் செய்துவிட்டேன். நிறுத்தியிருக்கும்போது சொட்டு இல்லை, பாய் விரித்துச் சாய்ந்து ஓடும்போது மட்டும் ஒரு ஜன்னல் ஒழுகுகிறது. என்ன செய்ய?

முதலில் அது ஜன்னல்தானா என்று பாருங்கள். பாய்மரத்தைப் பிடித்து நிற்கிற கம்பிகள் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போகிற இடம் பெரும்பாலும் நடு ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சாயும்போது காற்றடிக்கிற பக்கத்துக் கம்பி இழுத்து அந்த இடம் திறக்கும், தண்ணீர் உள் பலகைக்குப் பின்னால் ஓடி ஜன்னல் ஓரத்தில் வந்து சொட்டும். எனக்கு ஏழு மாதம் பிடிபடாத ஒழுகல் இதுதான், அந்த ஜன்னலை இரண்டு தடவை கழற்றி மாட்டியும் ஆயிற்று. ஜன்னலைச் சுற்றி பாலித்தீன் ஷீட்டை டேப்பால் ஒட்டி மூடிவிட்டுக் கடலுக்குப் போங்கள். இன்னும் சொட்டினால் கம்பித் துளையைப் பாருங்கள், அதற்கும் வைத்தியம் பியூட்டில்தான்.

ஜன்னல்தான் என்று உறுதியானால் கேபின் முறுக்கும்போது ஃபிரேம் கூடவே முறுக்குகிறது. இறுகிப்போகிற பசை ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிட்டு பியூட்டில் போடுங்கள். அதோடு, சாய்கிற பக்கத்து ஜன்னல்கள் தண்ணீருக்குள் போகும்போது ரப்பர் மேல் வருகிற அழுத்தம் மழையின் அழுத்தம் அல்ல. கிளம்பும் முன் எல்லாக் கைப்பிடியையும் ஒரு சுற்று பாருங்கள், கரைக்கு வந்ததும் தளர்த்திவிடுங்கள், ரப்பர் எழும்பட்டும்.